பள்ளிக் கவுன்சிலர் எழுதும் கடிதத்துக்கு எவ்வளவு எடை? (11-ஆம் வகுப்பு, பொதுப் பள்ளி)

பிளானோ அம்மா:

வணக்கம். மகன் டெக்சஸில் ஒரு பெரிய பொதுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளிக் கவுன்சிலரோடு (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் ஆலோசகர்) 'ஜூனியர் மீட்டிங்' நடந்தது. இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பாதி, அடுத்த வருடம் எந்தப் பாடம் எடுப்பது என்பதிலேயே போய்விட்டது. நல்ல மனுஷிதான், பொறுமையாகப் பேசினார். ஆனால் மகனின் பெயரையே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் சொன்னார். அவனுக்கு எதில் ஆர்வம், வீட்டில் என்ன செய்கிறான் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

இவர்தான் இலையுதிர் காலத்தில் அவனுக்காகக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதப் போகிறார் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் வட்டத்தில் பல பேர் கல்லூரிச் சேர்க்கைக்குத் தனியார் கன்சல்டன்ட் வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் ஆகிறது. நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். மார்க் வந்தது, கட்-ஆஃப் தெரிந்தது, அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் வரிசையில் உட்கார்ந்தோம், இடம் கிடைத்தது. நம் பிள்ளையைப் பற்றி இன்னொருவர் எழுதுவதைப் படித்துவிட்டு முடிவு செய்வார்கள் என்பது எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தக் கடிதத்துக்கு உண்மையில் எவ்வளவு எடை? அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

எடிசன் அப்பா:

பதறாதீர்கள். முதலில், எல்லாக் கல்லூரிக்கும் இந்தக் கடிதம் தேவையில்லை. உங்கள் மாநிலத்திலேயே யூடி ஆஸ்டினை (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் வந்த சட்டப்படி டெக்சஸ் பிள்ளைகளுக்கு வகுப்பு ரேங்கை வைத்தே இடம் உறுதி. ஆஸ்டினில் மட்டும் அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வருகிறது. சமீபம் வரை முதல் 6 சதவீதம், 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். அதிலும் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்பதுதான் கணக்கு. கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் போன்ற துறைகள் கிடைக்குமா என்பது தனிப் போட்டி.

அந்த ரேங்க் எப்போது கணக்கிடப்படுகிறது, எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி கூடுதல் என்பதைக் கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள். கடிதத்தைவிட உங்களுக்கு இது அவசரம்.

ஃப்ரீமாண்ட்காரர்:

எங்கள் பக்கமும் அப்படித்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதற்கும் கவுன்சிலர் கடிதம் வழக்கமாகக் கேட்பதில்லை. விண்ணப்பிக்கும்போது பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்கூட அனுப்ப வேண்டாம். பிள்ளையே மதிப்பெண்களைப் பதிவு செய்ய வேண்டும், சேர்ந்த பிறகு சரிபார்ப்பார்கள். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை.

ஆனால் 'ஏ-ஜி' என்று, அங்கே சேரக் கட்டாயமான பாடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்ததுமே அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுக்க வேண்டும். கவுன்சிலர் இங்கே உதவுவது அதில்தான். என் மகளின் கவுன்சிலர் ஒன்பதாம் வகுப்பிலேயே உட்காரவைத்து நான்கு வருடத்துக்கும் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஓவியம், இசை, நாடகம் போன்ற ஒரு கலை வகுப்பு ஒரு வருடம் கட்டாயம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஜெர்சி ஆலோசகி:

நான் நியூ ஜெர்சியில் ஒரு பொதுப் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் பெயரைத் திரையில் பார்த்துச் சொன்னதற்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது ஒருவருக்கு 250 மாணவர்கள். ஆரம்பப் பள்ளிகளையும் சேர்த்து நாடு முழுவதும் 2022-23-இல் சராசரி 385. அரிசோனாவில் 600-க்கும் மேல். என் பொறுப்பில் 280 பிள்ளைகள், அதில் 12-ஆம் வகுப்பு மட்டும் எழுபது சொச்சம். இத்தனைக்கும் எங்கள் பள்ளி வசதியான பள்ளி என்று பெயர் எடுத்தது. பெரிய கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் கல்லூரி வேலைக்கென்றே ஆள் இருப்பார். அவரிடம் ஒரு வருடத்துக்கு முப்பது, நாற்பது பிள்ளைகள்தான் இருப்பார்கள். கடிதத்தின் தரத்தில் தெரியும் வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் வேலை கல்லூரி மட்டும் இல்லை. அக்டோபரில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே ஒரு பெண் அழுதுகொண்டு நிற்பாள், வகுப்புக்குப் போக முடியவில்லை என்று. அவளை அமைதிப்படுத்தி, வீட்டுக்குப் பேசி முடிப்பதற்குள் முதல் பீரியட் போய்விடும். அப்புறம் உடல்நலக் காரணத்துக்காகத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் பையனுக்கு '504' என்ற சலுகை பற்றிய கூட்டம். எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வுக்கு எந்த அறையில் எத்தனை நாற்காலி என்பதையும் நான்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு அப்பா தொலைபேசியில், கணக்கு வகுப்பை மாற்றச் சொல்லி. கடிதம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இரவில், வீட்டில்.

இந்தப் பதவி உயர்நிலைப் பள்ளிகளில் பரவியதே வேறு காரணத்துக்காக. 1957-இல் சோவியத் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் 1958-இல் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே அடையாளம் கண்டு கல்லூரிக்கு அனுப்ப ஆள் வேண்டும் என்று கவுன்சிலர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பணம் ஒதுக்கினார்கள். பிறகு மனநலம், பாட அட்டவணை, தேர்வு நிர்வாகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. ஆட்கள் மட்டும் அதே அளவுக்குச் சேரவில்லை.

சரி, காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக நாங்கள் என்ன அனுப்புகிறோம்? டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய ஒரு குறிப்பு, 'ஸ்கூல் ரிப்போர்ட்' என்ற படிவம், அப்புறம் கடிதம். நம் பெற்றோர்கள் கடிதத்தை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். எடை அதிகம் உள்ளது மற்ற மூன்றும்.

பள்ளிக் குறிப்பில் எத்தனை ஏபி பாடங்கள் (கல்லூரி அளவிலான கடினப் பாடங்கள்) நடத்துகிறோம், மதிப்பெண் முறை என்ன, ரேங்க் தருகிறோமா என்பதெல்லாம் இருக்கும். எட்டு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் ஆறு எடுத்த பிள்ளையையும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஆறு எடுத்த பிள்ளையையும் ஒரே மாதிரி பார்க்காமல் இருக்க அதுதான் உதவுகிறது. ஸ்கூல் ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி: உங்கள் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்தவை எவ்வளவு கடினம்? 'மிகக் கடினம்' என்று நான் ஒரு கட்டத்தில் குறி போடுவதும், அதற்கு ஒரு படி கீழே போடுவதும் கடுமையான போட்டியுள்ள கல்லூரிகளில் கவனிக்கப்படும். ஆகவே உங்கள் பள்ளியில் 'மிகக் கடினம்' என்றால் எதுவரை எடுத்திருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். இது நியாயமான கேள்வி.

கடிதம் வேறு மாதிரி. பெரிய பொதுப் பள்ளியிலிருந்து வரும் கடிதம் பொதுப்படையாகத்தான் இருக்கும் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். அதற்காகப் பிள்ளையைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. ஆனால் பிள்ளை தன் வாயால் சொல்ல முடியாததை, சொன்னால் சாக்குப்போக்கு மாதிரித் தோன்றுவதை, நாங்கள் சொன்னால் எடுபடும். ஒரு பையன் ஏபி கெமிஸ்ட்ரி எடுக்கவில்லை. டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தால் பயந்து ஒதுங்கிவிட்டான் என்றுதான் தோன்றும். நடந்தது என்ன? அந்த வகுப்பு ஒரே ஒரு பீரியடில்தான் இருந்தது, அதே நேரத்தில் அவன் நான்கு வருடமாக வாசித்துவந்த ஆர்க்கெஸ்ட்ராவும் இருந்தது. இரண்டே வரியில் எழுதினேன். இன்னொரு பெண்ணுக்கு பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் இறக்கம். அந்த வருடம் அவள் அம்மாவுக்கு கீமோ நடந்துகொண்டிருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி எழுத அவளுக்கு விருப்பமில்லை. அவள் சம்மதத்தோடு நான் எழுதினேன். கட்டுரையை அவள் வானவியல் பற்றி எழுதினாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தால்தான் எழுத முடியும். வீட்டில் நடப்பதை நம் ஆட்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள்.

பிளானோ அம்மா:

அக்கா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். கவுன்சிலர் கடிதம் எழுத உதவியாக எங்களிடம் 'பிராக் ஷீட்' என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், பெற்றோர் நிரப்ப ஒன்று, பிள்ளை நிரப்ப ஒன்று. 'உங்கள் பிள்ளையை மூன்று சொற்களில் விவரியுங்கள்' என்று ஒரு கேள்வி. உழைப்பாளி, ஒழுக்கமானவன், பெரியவர்களை மதிப்பவன் என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? இன்னொன்று, அவர் எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் நாங்கள் படித்துப் பார்க்கலாமா?

ஜெர்சி ஆலோசகி:

இரண்டாவதற்கு முதலில் பதில். கேட்காதீர்கள். 1974-இல் வந்த சட்டப்படி, சேர்ந்த கல்லூரியில் தன் கோப்பைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் காமன் ஆப்பில் 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்லும். கிட்டத்தட்ட எல்லாரும் போடுவார்கள், நீங்களும் போடச் சொல்லுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்து எழுதும் கடிதத்தைத்தான் கல்லூரி நம்பும்.

பிராக் ஷீட் விஷயத்தில் மனம்விட்டுச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய மூன்று சொற்களும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றை வைத்து என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது, ஏனென்றால் என் மேசையில் இருக்கும் படிவங்களில் பாதியில் அதே சொற்கள்தான். மூன்று நான்கு வருடத்துக்கு முன் ஒரு அப்பா மிகவும் தயங்கி ஒன்று எழுதியிருந்தார்: 'சனிக்கிழமையானால் கராஜைத் திறந்துவைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பழுதுபார்க்கிறான். எந்த சைக்கிளுக்கு என்ன கோளாறு, எந்தப் பாகம் மாற்றினான் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறான். படிப்பு நேரம் வீணாகிறது என்று எனக்குக் கவலை.' அந்தப் பையனைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கிரீஸ் படிந்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு, பிரேக் கம்பி எங்கே தேய்கிறது என்று அம்புக்குறி போட்டிருந்தான். என் கடிதம் முழுக்க அந்த நோட்டைப் பற்றித்தான்.

உங்கள் மகன் யாரும் சொல்லாமலே என்ன செய்கிறான் என்று யோசித்து எழுதுங்கள். விருதுப் பட்டியல் வேண்டாம், அது அவன் விண்ணப்பத்திலேயே வரும்.

எடிசன் அப்பா:

தனியார் கன்சல்டன்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரிய மகளுக்கு நாங்கள் வைத்தோம். கட்டுரைக்கும் கால அட்டவணைக்கும் உதவியாக இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் வேலை வேறு. கன்சல்டன்டால் ஸ்கூல் ரிப்போர்ட் அனுப்ப முடியாது, பள்ளியின் பெயரில் ஒரு வரி எழுத முடியாது. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்த இடத்தில் பள்ளிக்காரர்தான்.

நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் 'எனக்கு உள்ளே ஆள் தெரியும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2019 மார்ச்சில் 'வார்சிட்டி புளூஸ்' வழக்கு வெடித்தது நினைவிருக்கும். ரிக் சிங்கர் என்ற கன்சல்டன்ட், பணக்கார வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று பொய்யாகக் காட்டியும், தேர்வில் ஆள் வைத்துத் திருத்தியும் கல்லூரிகளில் சேர்த்தார். 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை வருடச் சிறைத் தண்டனை. அந்த வழக்கில் என் மனதில் நின்றது வேறொன்று. படகுப் போட்டி வீராங்கனை என்று காட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி, 'இவள் படகு ஓட்டுபவள் இல்லையே' என்று கல்லூரியிடம் சந்தேகம் எழுப்பியவர் அவள் பள்ளியின் கவுன்சிலர். அதற்காக அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார் என்று வழக்கு ஆவணங்களில் வந்தது. பள்ளிக்கூடத்துக் கடிதத்துக்கு மதிப்பு இருப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

சிகாகோ மாணவி:

நான் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எல்லாரும் கவுன்சிலர்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறீர்கள். என் அனுபவம் வேறு.

அப்பா இல்லை, அம்மா ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறார். மதிப்பெண் எனக்கு நன்றாகவே இருந்தது. நான் விரும்பிய கல்லூரிகளின் பெயரைச் சொன்னதும் என் கவுன்சிலர், 'செலவு தாங்குமா என்று யோசி' என்று சொல்லி, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் கல்லூரி) மடிப்புத்தாளை எடுத்து நீட்டினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு அது புரிந்தது. ஆனால் 'குவெஸ்ட்பிரிட்ஜ்' என்று ஒன்று இருப்பதை அவர் சொல்லவே இல்லை. பள்ளி நூலகர் சொல்லித்தான் தெரியும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான்கு வருட முழுச் செலவையும் தரும் திட்டம். கடைசி நாள் செப்டம்பர் இறுதியிலேயே வந்துவிடும், மற்ற விண்ணப்பங்களுக்கெல்லாம் முன்பு. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஓடினால்தான் உண்டு. ஸ்கூல் ரிப்போர்ட் அதற்கும் வேண்டும், அதற்கு அவரிடமே போய் நின்றேன்.

கன்சல்டன்டுக்குப் பணம் கொடுக்க முடிகிற வீட்டுக்குக் கவுன்சிலர் ஒருவேளை இரண்டாம் பட்சம். எங்களுக்கு அவரை விட்டால் வேறு யாரும் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அந்த வழியே இல்லை என்று ஆகிவிடும்.

ஜெர்சி ஆலோசகி:

தங்கச்சி, நீ சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். தன் தகுதிக்குக் கீழே உள்ள இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவைப்பது எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம். பெரும்பாலும் வசதியில்லாத பிள்ளைகளுக்குத்தான் அது நடக்கிறது. நிறையப் பேருக்கு, கையில் பணம் உள்ள பெரிய தனியார் கல்லூரிகள் ஏழைக் குடும்பத்திடம் மாநிலக் கல்லூரியைவிடக் குறைவாக வாங்கும் என்பதே தெரியாது. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' கட்டாயம் இருக்கும். வருமானத்தைப் போட்டால் உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று காட்டிவிடும். ஒரு கவுன்சிலர் பிள்ளையிடம் 'செலவு தாங்குமா' என்று கேட்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்படி நடந்தால்: பள்ளியின் கவுன்சிலிங் துறைத் தலைவரிடம் போங்கள், வேறு கவுன்சிலர் கேளுங்கள். கேட்கலாம், அதில் தப்பில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் காமன் ஆப்பிலேயே விலக்கு கேட்கலாம், கவுன்சிலர் உறுதிசெய்தால் போதும்.

அண்ணா நகர் அப்பா:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். மகள் சிபிஎஸ்இ பள்ளி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். எங்கள் பள்ளியில் இப்படிப் பதவியே இல்லை. யார் எழுதுவது?

ஜெர்சி ஆலோசகி:

பிரின்சிபால் அல்லது வகுப்பாசிரியர் கவுன்சிலராகப் பதிவு செய்துகொள்ளலாம் சார். பள்ளியின் மின்னஞ்சல் முகவரியாக இருப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்களைப் பள்ளி முத்திரையோடு ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் குறிப்பு ஒரு பக்கம் நீங்களே வரைவு எழுதிக் கொடுத்தால் திருத்தி அனுப்புவார்கள். கடிதத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஃப்ரீமாண்ட்காரர்:

எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கவுன்சிலர்களுக்கு இது தெரிவதில்லை, அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பச் சொல்லிவிடுவார்கள். எச்-4 பிள்ளைக்கு அமெரிக்க அரசின் நிதியுதவி கிடையாது. சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைத்துப் பார்க்கும். உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நேரடியாகக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திலேயே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். க்ரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பிள்ளைக்கு 21 வயது எப்போது ஆகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அது வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம், கவுன்சிலரிடம் இல்லை.

பிளானோ அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டே சந்தேகம். மகனின் பாஸ்போர்ட்டில் அவன் பெயர், அவன் அப்பா பெயர் இரண்டும் சேர்ந்து முதல் பெயராக இருக்கிறது. பள்ளியில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கிறோம். இது பிரச்சினை ஆகுமா? அப்புறம், அவன் சிறு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். அதைக் கவுன்சிலரிடம் சொல்வதா, விடுவதா?

ஜெர்சி ஆலோசகி:

பெயர் விஷயம் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தொல்லை. எஸ்ஏடி கணக்கு, காமன் ஆப், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் ஒரு கோப்பிலும் கடிதம் இன்னொரு கோப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், கல்லூரி 'உங்கள் விண்ணப்பம் முழுமையாகவில்லை' என்று எழுதும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி காமன் ஆப் புதுப் பருவத்துக்குத் திறப்பதற்குள் சரிசெய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருப்பதைக் கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் தெரிவித்துவையுங்கள்.

தமிழ்ப் பள்ளியைக் கட்டாயம் சொல்லுங்கள். சில பள்ளி மாவட்டங்களில் அதற்கு அயல்மொழிப் பாட க்ரெடிட் தருகிறார்கள், டிரான்ஸ்கிரிப்டிலேயே ஏறும். பல மாநிலங்களில் 'சீல் ஆஃப் பைலிட்ரசி' என்ற இருமொழி முத்திரையும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2011-இல் சட்டமாகி மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. டெக்சஸிலும் இருமொழித் திறனுக்கு அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்பது உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது. கவுன்சிலருக்குத் தெரியாவிட்டால் மாவட்டத்தின் மொழித் துறைக்கு எழுதி, அவரையும் அதில் சேருங்கள். இந்த வசந்தத்திலேயே எழுதிவிடுங்கள், தேர்வு தேதி தவறினால் அடுத்த வருடம்தான்.

பிளானோ அம்மா:

இன்றே எழுதுகிறேன் அக்கா. பிராக் ஷீட்டில் அந்த மூன்று சொற்களை அடித்துவிட்டு, அவன் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பதை எழுதப் போகிறேன். போன வருடம் அவனே வசனம் எழுதினான்.

ஜெர்சி ஆலோசகி:

எத்தனை பிள்ளைகள், எந்த வயது, யார் வசனத்தை மறந்தார்கள், அப்போது அவன் என்ன செய்தான், அதையும் எழுதுங்கள்.